பால்வெட்டு நாள் இரைச்சல்

இரைச்சல் பால் வெட்டும் நாட்களில் மட்டும் வந்தது. மழையில் வேலை நின்ற நாட்களில் வரவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்றே ஆளையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். ஆள், பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்கா. குற்றவாளி, அவளுடைய ப்ரிஜ்.

கேகாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் நானும் என் அக்கா ரோஷானியும் இருக்கிறோம். அவள் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறாள். நான் கொழும்பில் இரவு வேலையை விட்டுவிட்டு வந்தவன். காம்பராவுக்குப் பின்னால் ஒரு பலாமரம் நிற்கிறது. அதிலிருந்து கக்கூஸ் கூரை வரை செப்புக் கம்பி கட்டியிருக்கிறேன். கம்பியில் விழும் வானொலி அலைகளை உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று வாங்கி எண்களாக்குகிறது. பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அந்த எண்களை இணையத்தில் விடுகிறது. உலகத்தில் எங்கே இருப்பவனும் தன் போனில் என் பக்கத்தைத் திறந்து, வேண்டிய அலைவரிசைக்குத் திருப்பி, எங்கள் பலாமரத்தில் விழுவதைக் கேட்கலாம். கப்பல்காரன் பேசுவதும் விமானி பேசுவதும் எங்கோ ஒரு தேசத்தின் செய்தியும் அதில் உண்டு. ரோஷானிக்கு இது விளங்கவே இல்லை.

“நீ கேக்குறியாடா அத?”

“இல்ல.”

“பெறகு யாரு கேக்குறா?”

“யாராவது.”

“சரி. யாராவது வந்து சோறு போடட்டும்.”

உண்மையில் நான் அதைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் நிரலாக எழுதிவைத்திருக்கிறேன். பெட்டி திக்கினால் கம்ப்யூட்டரே அதை அணைத்துத் திரும்பப் போடும். இணையம் விழுந்தால் டொங்கிளை மீண்டும் தட்டி எழுப்பும். அடிக்கடி இரைச்சல் அளவை எடுத்துக் கோடு போட்டு என் போனுக்கு அனுப்பும். கரண்ட் போனால் மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு மாறி, அது தீரும் வரை ஓடும். தானாக ஓடும் பொருளை வைத்திருப்பவனுக்கு வேலை இல்லை என்று நினைப்பது தவறு. அது ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நான் கோட்டைப் பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், வந்து மறுபடி பார்ப்பேன்.

அந்த மாதம் பார்க்கக் காரணமும் இருந்தது. ஹாலந்தில் ஒரு கூட்டம் இப்படிப்பட்ட நிலையங்களை ஆசியா முழுக்கக் கோத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் சோதனை. நிலையம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழக்கூடாது, இரைச்சலின் மாதச் சராசரியும் அளவு தாண்டக்கூடாது. தேறினால் என் நிலையத்தைச் சேர்ப்பார்கள். இந்தப் பக்கத்து நிலையங்களையெல்லாம் பகலில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலையையும் எனக்குக் கொடுப்பார்கள். தேறாவிட்டால் கொழும்புக்குப் போகவேண்டும். அங்கே இப்திகார் இன்னும் என் இடத்தில் ஆள் போடவில்லை. மாவனல்லைக்காரன், என் மேலாளன், கெட்டவன் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை போன் எடுப்பான்.

“மச்சான், ஒன்ட கதிர இன்னம் சும்மாதான் ஈக்குது. வாராயா இல்லயா?”

“மாசம் முடியட்டும்.”

“மாசம் முடிஞ்சா கதிர முடிஞ்சிடும். சொல்லிட்டன்.”

அந்தக் கதிரையில் உட்கார்ந்து, வரிசையாக நிற்கும் யாரோ ஒருவருடைய இயந்திரங்களில் சிவப்பு விளக்கு வந்தால் அதை அணைத்துத் திரும்பப் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஏன் சிவப்பு வந்தது என்று பார்க்கக்கூடாது. அது பகல்காரர் வேலை. பகல்காரரும் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் காலையில் எல்லாம் பச்சையாக இருக்கும். ஒரு நாள் வேலை நடுவில் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சோதனை தொடங்கிய இரண்டாம் வாரம் இரைச்சல் வந்தது. தொண்டை கட்டியவன் விடாமல் கனைப்பதுபோல ஒரு சத்தம் எல்லா அலைவரிசையிலும் கேட்டது. திரையில் கருநீலமாக இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள் படிந்தது. வெயில் ஏறும்போது வந்து, பகலெல்லாம் இருந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் மழை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரப்பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு வழிந்துபோகும். அன்று இரைச்சல் இல்லை. மறுநாள் வெயில், வேலை, இரைச்சல்.

எங்கள் தோட்டத்தில் நாள் என்றால் இரண்டு வகைதான். பால் வெட்டும் நாள், வெட்டாத நாள். யாரும் வெயில் நாள், மழை நாள் என்று சொல்லமாட்டார்கள். அதனால் நானும் வேலையைத்தான் தேடினேன். பால்வெட்டு நாளில் ஓடி, வெட்டாத நாளில் நிற்கும் மின்சாரப் பொருள் எது? தொழிற்சாலை உருளைகள் மழை நாளிலும் முந்திய நாள் பாலுக்காக ஓடின. பால் நிறுக்கும் மடுவத்தில் இருப்பது பழைய கைத்தராசு. மிச்சம் இருந்தது அழகம்மா அக்காவின் ப்ரிஜ்.

அவள் ஐஸ் பக்கட் போடுகிறவள். பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வருகிறவர்களிடம் சிவப்பும் பச்சையுமாக விற்பாள். மழை நாளில் விற்பனை இல்லை, உடனே ப்ரிஜ்ஜைக் கழற்றிவிடுவாள். லயத்துக்கு இருந்த ஒரே கரண்ட் மீட்டர், தொழிற்சங்கத் தலைவர் வேலுசாமியின் பெயரில் இருந்தது. அவர் காம்பராவிலிருந்துதான் கூரைக்கடியில் கம்பி இழுத்து லயம் முழுக்கக் கரண்ட் எரிந்தது, என் நிலையம் உட்பட. அப்படி இழுப்பது சட்டப்படி பிழை என்று எல்லோருக்கும் தெரியும். பில் வரும்போது தலைவர் ப்ரிஜ்ஜைத்தான் முதலில் திட்டுவார்.

நான் போய்க் கேட்டேன். “அக்கா, ப்ரிஜ்ஜ ஒரு நாளைக்கு நிப்பாட்டிப் பாப்போமா?”

“வெயில் நாள்லயா? ஐஸெல்லாம் ஒன் தலையில ஊத்தவா?”

“மழை நாள்ல நிப்பாட்டுனா எனக்குத் தெரியாதுக்கா. வெயில்ல நிப்பாட்டணும்.”

“ஒன் கம்பிய வெயில்ல கழட்டி வையி. மழையில மாட்டிக்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி.”

அவள் சொன்னதை விட்டுவிட்டு நான் தலைவரிடம் போனேன். ப்ரிஜ்ஜால்தான் என் நிலையம் கெடுகிறது, அது போனால் பில்லும் குறையும் என்றேன். தலைவருக்கு என் நிலையம் பற்றிக் கவலை இல்லை. பில் என்ற சொல் போதும். அன்று சாயங்காலம் அவரும் நானும் ப்ரிஜ்ஜைத் தூக்கி அவருடைய ஆட்டுக் கொட்டிலில் வைத்தோம். அழகம்மா அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

“நல்லா தூக்கு தம்பி. கொழும்புல பழகுன கையி.”

அன்றிரவே மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. கோடு தரையோடு கிடந்தது, திரை கருநீலமாக இருந்தது. ஹாலந்துக்காரர், உன் நிலையம் இப்போது மிகச் சுத்தம், இப்படியே மாதத்தை முடி என்று எழுதியிருந்தார். ரோஷானியிடம் காட்டினேன்.

“பாத்தியா, ப்ரிஜ்தான்.”

“அழகம்மா அக்கா மொகத்த நான்தான் தெனமும் பாக்குறேன், நீ இல்ல” என்றாள். “பேசவே மாட்டேங்கிறா.”

“மழை நாள்ல அவளுக்கு எப்படியும் யாவாரம் இல்லதானே.”

“வாய மூடு டெனிஸ்டன்.”

மழை விட்ட அன்று தோமஸ் மாமா செத்துப்போனார். அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரர், லயத்துக்கே மாமா. சாவு விழுந்தால் அடக்கம் முடியும் வரை எங்கள் டிவிசனில் பெரட்டு இல்லை. மறுநாள் அடக்கம். நல்ல வெயில். ஒரு மரத்திலும் கத்தி வைக்கவில்லை. தொழிற்சாலை பூட்டிக்கிடந்தது. ப்ரிஜ் ஆட்டுக் கொட்டிலில் கிடந்தது.

போன் அதிர்ந்தது. கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நம்பாமல் உள்ளே ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மஞ்சள். அதே கனைப்பு. வாசலுக்கு வந்தேன், திரும்ப உள்ளே போனேன். சோதனை முடிய ஒரு வாரம்கூட இல்லை. வெள்ளைச் சட்டையை மாட்டியபடியே பழைய பொக்கட் ரேடியோவை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். இரைச்சல் எங்கே கூடுகிறதோ அங்கே நடந்தால் ஊற்று கிடைக்கும். லயத்து வாசலில் மெல்ல உறுமியது. பாதைக்கு இறங்கினால் கொஞ்சம் கூடியது. அதற்குள் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ரோஷானி என்னைப் பார்த்த பார்வையில், ரேடியோவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்தேன். சத்தத்தைக் குறைத்தேன். அணைக்கவில்லை.

பாதை பிள்ளைக்காம்பராவைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதன் வாசலோரம் தொழிற்சாலைக்குப் போகும் பெரிய கரண்ட் போஸ்ட் நிற்கிறது. பெட்டியோடு அதன் கீழே வந்தபோது என் சட்டைப்பை கத்தியது. குறைத்து வைத்திருந்த ரேடியோ, தகரத்தில் கல் கொட்டியதுபோல அலறியது. ஜெபம் சொன்னவர் நிறுத்திவிட்டார். பெட்டியின் முன்பக்கம் பிடித்திருந்த ஒருவன், “தோமஸு எழும்பிட்டாருடா” என்றான். பின்னால் ஒரு சிரிப்பு புறப்பட்டு அடங்கியது. நான் ரேடியோவை அணைக்கத் தடவிக்கொண்டு, தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். போஸ்ட்டின் உச்சியில் குறுக்கே கிடந்த பழைய மரக் கட்டையில் ஆணி அடித்த இடம் கறுத்திருந்தது.

அழகம்மா அக்கா பக்கத்தில் வந்து, வாயைச் சரியாகத் திறக்காமலே கேட்டாள்: “ஏன்ட ப்ரிஜ் கொட்டில்ல கெடக்கு. இது யாரு ப்ரிஜ் தம்பி?”

அடக்கம் முடிந்து கைகால் கழுவும் இடத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டது. நான் சொன்னேன், காய்ந்த நாளில் ஆணிக்கும் கட்டைக்கும் நடுவில் தீப்பொறி பாய்கிறது, நனைந்தால் அடங்கிவிடுகிறது. பால்வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் வேண்டியது வெயில். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா, “அதத்தான் நான் கணக்கப்புள்ளகிட்ட சொன்னேன்” என்றாள். “வெயில்ல பொரியிற சத்தம் கேக்கும். எங்க புள்ளைக அத கடலக்காரர்னுதான் சொல்லுதுக. கடலக்காரர் வந்துட்டார் டீச்சர்னு ஓடிவந்து அதுக்குக் கீழ நிக்குதுக.”

“மின்சாரக்காரங்களுக்குப் போன் போடுறேன்” என்றேன்.

தலைவர் வேலுசாமி கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். “போடு. வருவானுக. வந்தா மேல மட்டும் பாத்துட்டுப் போவானுகளா? நம்ம லயத்துக் கூரையப் பாத்தானுகன்னா மீட்டரையே கழட்டிக்கிட்டுப் போயிருவானுக. எம்பேர்ல இருக்கு மீட்டரு, ஒம்பேர்ல இல்ல.”

“கட்ட விழுந்தா?”

“விழுற கட்ட இவ்வளவு நாளு நிக்குமா?”

“தலைவரே,” என்றாள் அழகம்மா அக்கா, “கரண்ட் போனா யாருக்கு நட்டம்? ஏன்ட ப்ரிஜ்ஜுக்கா? அதத்தான் நீங்களும் இவனும் ஆட்டுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டுட்டீங்களே. எனக்கு இனிப் போறதுக்கு என்ன இருக்கு? போன் போடச் சொல்லுங்க.”

“அக்கா, நீ சும்மா இரு” என்றார் தலைவர்.

“நான் சும்மாதான் இருக்கேன், ஒங்க தயவுல.”

யாரோ சிரித்தார்கள். அது தலைவருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னார். அவர்கள் வரும் அன்று எல்லோரும் தங்கள் தங்கள் கம்பியை உருவி உள்ளே வைத்துவிடவேண்டும். போன பிறகு மாட்டிக்கொள்ளலாம். “மொதக் கம்பி ஒன்டது” என்றார் என்னிடம்.

பேட்டரி இருந்தது. முழுசாக ஏற்றினால் ஒரு காலைப்பொழுது தாக்குப்பிடிக்கும். ஆணியை முறுக்க அவ்வளவு நேரம் ஆகாது என்று கணக்குப் போட்டேன். முறுக்கிவிட்டால் மிச்ச நாட்கள் சுத்தம். நான் தேறிவிடுவேன்.

இரண்டு நாள் கழித்து மின்சாரக்காரர்களின் வண்டி வந்தது. விடியும்போதே வருவார்கள் என்று நினைத்து, சொன்னபடி என் கம்பியை உருவிவிட்டேன். அவர்கள் வெயில் உச்சிக்கு ஏறும்போதுதான் வந்தார்கள். அதற்குள் பேட்டரி கால்வாசிக்கு இறங்கிவிட்டது. நான் பிள்ளைக்காம்பரா வாசலில் நிற்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். விஜயகலா பிள்ளைகளை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தினாள். அவை ஜன்னலில் தொங்கிக்கொண்டு கடலைக்காரருக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்த்தன.

மேலே ஏறினவர் நரைத்த தலைக்காரர். லைனை அணைக்கச் சொல்லி, ஏணி வைத்து ஏறி, கட்டையைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். புகார் கொடுத்தவன் நான்தானே. சிங்களத்தில்தான் பேசினார், தம்பி என்பதற்கு மல்லி என்று.

“மல்லி, உள்ளே கருகிப்போயிருக்கு. இரண்டு வழி இருக்கு. இப்பவே ஒரு தகடு கொடுத்து ஆணியை முறுக்கிவிட்டால் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் லைன் போட்டுவிடலாம். அடுத்த மாதம் வந்து கட்டையை மாற்றுவோம். இல்லையென்றால் இப்பவே மாற்றலாம். ஆனால் கட்டை கேகாலையிலிருந்து வரவேண்டும். சாயங்காலம் ஆகும். அதுவரை கரண்ட் இல்லை.”

“முறுக்கினால் சத்தம் நிற்குமா?”

“நிற்கும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

அவர் சிரித்தார். “அதைக் கட்டையைத்தான் கேட்கவேண்டும்.”

போனைப் பார்த்தேன். தேத்தண்ணி நேரம் என்றால் பேட்டரி தாங்கும். சாயங்காலம் வரை தாங்காது. அவருக்கும் எந்த வழி என்றாலும் சரிதான், அவசரம் எனக்குத்தான் இருந்தது. ஆமாம், முறுக்கிவிடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது.

நான் நல்லவன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சிவப்பு விளக்கை அணைத்துத் திரும்பப் போட்டு, எல்லாம் பச்சை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். சத்தம் நின்றால் யாரும் வரமாட்டார்கள். என் கோடு தரையில் கிடக்கும், கட்டை மேலே கருகும். சத்தம் கேட்காவிட்டாலும் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் விளையாடும். அந்த இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

“மாற்றுங்கள்” என்றேன்.

“சரியாகத்தான் சொல்கிறாயா? ஊர்க்காரர் திட்டமாட்டார்களா?”

“திட்டுவார்கள்.”

திட்டினார்கள். தலைவர் முதலில் திட்டினார், கரண்ட்காரர் சாயங்காலம் வரை இருந்தால் கூரையைப் பார்க்காமலா விடுவார்கள் என்று. அவர்கள் பார்த்தார்கள். நரைத்த தலைக்காரர் லயத்தின் முன்னால் நின்று அழகம்மா அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, கூரைக்கடியில் கம்பியில்லாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் எழுதிக்கொள்ளாமல் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டையை ஏற்றிய லொறி கேகாலையிலிருந்து வருவதற்குள் என் போன் அதிர்ந்தது. நானே எழுதிவைத்த செய்திதான்: நிலையம் பதில் தரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை அணைத்துப் பைக்குள் போட்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் அந்த மாதத்தில் முதல் தடவையாக ஓரிடத்தில் நின்றேன் என்று ரோஷானி பிறகு சொன்னாள்.

நடந்ததை ஹாலந்துக்கு அப்படியே எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது. வருத்தம். விதி எல்லோருக்கும் ஒன்று. விரும்பினால் முதலிலிருந்து மறுபடி ஒரு மாதம்.

ரோஷானி சிரட்டை கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“இன்னும் ஒரு மாசமா?”

“ஆமா.”

“இப்திகார் கதிர?”

“குடுத்துரச் சொல்லப்போறேன்.”

அவள் இன்னும் இரண்டு சிரட்டை கழுவினாள். “பக்கத்து டிவிசன்ல களை வெட்ட ஆள் தேடுறாங்க. கணக்கப்புள்ளகிட்ட ஒன் பேரச் சொல்லிட்டேன். ஒன் பெட்டி தானா ஓடுந்தானே? ஓடட்டும். நீ போயி வெட்டு.”

“எப்ப சொன்ன?”

“தோமஸ் மாமா அடக்கத்துல. ஒஞ்சட்ட கத்துனப்ப.”

இப்திகாருக்கு எடுத்தேன். கதிரையைக் கொடுத்துவிடு என்றேன். “பைத்தியம்டா நீ” என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பால்வெட்டு நாள். வெயில் ஏறியது. கோடு ஏறவில்லை. நானும் தலைவரும் ஆட்டுக் கொட்டிலிலிருந்து ப்ரிஜ்ஜைத் தூக்கினோம். ஆடு அதன் கதவு ரப்பரைக் கடித்திருந்தது. அழகம்மா அக்கா முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே ஏவினாள். “மெல்ல. படி இருக்கு. தலைவரே, ஒங்க பக்கம் தூக்குங்க, பில்லத் தூக்குற மாதிரி தூக்காதீங்க.”

மூலையில் வைத்து நிமிர்த்தினோம். ரப்பரை சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒட்டிக்கொடுத்தேன். பிளக்கைப் போட்டபோது அது ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது.

“இப்ப போயிப் பாரு” என்றாள் அழகம்மா அக்கா. “ஏன்ட ப்ரிஜ் சத்தம் போடுதான்னு பாத்துட்டு வந்து சொல்லு.”

காம்பராவுக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். ஒரு ஓரம் முதல் மறு ஓரம் வரை கருநீலம். அதன் குறுக்கே, ப்ரிஜ் எழும்பிய அந்த நொடியில், மயிர் அளவு ஒரு வெள்ளைக் கோடு விழுந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அளவு தாண்டவில்லை. ஆனால் இருந்தது. ப்ரிஜ் இனி ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அது விழும்.

“என்ன தம்பி, வருதா?”

“இல்லக்கா” என்று கத்தினேன். “சுத்தம்.”